பெட்டிக்குள் அடித்த போன்

மைசூரில் பட்டாளத்து முகாம் ஒன்றில் எனக்கு வாசல் காவல். கான்ட்ராக்ட் வேலை. உள் அறைக்குப் போகிறவர்களிடம் போனை வாங்கி இரும்புப் பெட்டியில் வைப்பேன். அதிகாரி பெட்டியைப் பூட்டிச் சாவியோடு உள்ளே போவார். கதவு சாத்திக்கொள்ளும்.

உள்ளே கம்ப்யூட்டரில் சண்டை என்பார்கள். நான் பார்த்ததில்லை. எதிரி ரோட்டில் வரமாட்டானாம், கம்பி வழியாக வருவானாம். தமிழ் ஹவில்தார் ஒருவர் டீ குடிக்கும்போது சொன்னார்.

"பட்டனத் தட்டறது ஒரு நிமிச வேலைண்ணே. மேல இருந்து உத்தரவு வரணும். அதுவரைக்கும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்போம்."

"வரலீன்னா?"

"அப்பவும் உக்காந்திருப்போம். சம்பளம் அதுக்குத்தான்."

என் போனையும் பெட்டியில்தான் வைப்பேன். சேர்ந்த நாளிலிருந்து அப்படி.

மனைவி சொந்த ஊரான கௌதள்ளியில். நான் இங்கே ஒற்றை அறையில். அவளுக்குச் சர்க்கரை, காலில் புண். ஒரு நாள் கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். அன்று பத்து மணிக்குப் பயிற்சி என்று கதவை மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் என் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

கதவோரம் ஒரு மணி உண்டு. அழுத்தினால் அதிகாரி வருவார். தீப்பிடித்தால் அழுத்து என்று சொல்லியிருந்தார்கள். தீ இல்லை. உட்கார்ந்திருந்தேன். ஏழு தடவை அடித்தது. பிறகு அடிக்கவில்லை.

மூன்று மணிக்குத் திறந்தார்கள். நான் என் போனை எடுப்பதைப் பார்த்து ஹவில்தார் நின்றார்.

"இது யாரு போனு?"

"என்னுதுங்க."

"நீங்க ஏண்ணே வெச்சீங்க? உள்ள வர்றவங்களுக்குத்தான் இந்தச் சட்டம்."

நான் யாரையும் கேட்டதில்லை.

வெளியே போய் மனைவிக்குப் போன் போட்டேன்.

"கால்ல ரெண்டு வெரலு எடுக்கோணும்னாங்க. ஊட்டுக்காரரக் கேட்டுச் சொல்றன்னு உக்காந்திருந்தன். டாக்டரு கெளம்பற நேரமாச்சு. நானே கையெழுத்துப் போட்டுட்டன்."

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுங்க."

"வலிக்குதா?"

"மரத்துக் கெடக்குது."

கால் ஆறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு ஆட்டை விற்பதென்றாலும் என்னைக் கேட்பாள். இப்போது கேட்பதில்லை. போன மாதம் ஊருக்குப் போனேன். வீட்டுக்குப் புதுக் கூரை போட்டிருந்தாள்.

"சொல்லவே இல்லியே" என்றேன்.

"வேலையா இருப்பீங்கன்னு வுட்டுட்டனுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.