கழித்து என்ற சொல்

மாலை நான்கரை மணிக்கே எல்லாம் கைமீறிவிட்டது. எனக்குத் தெரியவந்தபோது மணி ஐந்து இருபத்தைந்து. நான்கரைக்கு நான் ஈக்காட்டுத்தாங்கலில், அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் டீக்கடையில், யாரோ எதையோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு எட்டு வயது. மயிலாப்பூரில் மூன்றாம் வகுப்பு, தமிழ் வழி. தமிழில் சேர்த்தது என் பிடிவாதம்; மனைவி ஒரு வாரம் வாதாடிவிட்டு விட்டுக்கொடுத்தாள். அதனாலேயே மகள் எதில் பின்தங்கினாலும் அது என் குற்றம் என்று எனக்குத் தோன்றும். வெறும் எண்களாகக் கொடுத்தால் கூட்டலும் கழித்தலும் கடகடவென்று போடுவாள். வாழ்க்கைக் கணக்கு என்று வாக்கியமாக வந்துவிட்டால் பென்சில் நின்றுவிடும். ஒரு கூடையில் நாற்பத்தைந்து மாம்பழங்கள் இருந்தன, பன்னிரண்டு அழுகிவிட்டன என்று நான் படித்து முடிப்பதற்குள், "ஏம்ப்பா அழுகிடுச்சு? யாருமே பாக்கலையா?" என்பாள். பேருந்தில் முப்பத்திரண்டு பேர் இருந்தார்கள், ஒன்பது பேர் இறங்கினார்கள் என்றால், டிரைவரையும் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்பாள். அவள் கேட்பதில் என்ன தப்பு என்று மனைவி சமையலறையிலிருந்து சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

வகுப்புத் தேர்வில் இருபதுக்கு ஏழு வாங்கினாள். அந்தத் தாளை அலுவலகப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் திரிந்தேன். எனக்கு நாற்பத்தொரு வயதில் பிறந்த ஒரே பிள்ளை. ஐம்பத்தெட்டில் நான் ஓய்வு பெறும்போது அவள் கல்லூரியில்கூடக் கால் வைத்திருக்க மாட்டாள். இதையெல்லாம் ஏழு மதிப்பெண்ணோடு சேர்த்து யோசிக்கக்கூடாதுதான். யோசித்தேன்.

பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கதையைப் படிக்காதே, சொல்லைத் தேடு என்றேன். மொத்தம், ஆகமொத்தம் என்று வந்தால் பச்சைப் பென்சிலால் வட்டமிட்டுக் கூட்டு. மீதி, இழந்தான், கழித்து என்று வந்தால் சிவப்பு வட்டமிட்டுக் கழி. மடங்கு என்றால் நீலம், பெருக்கு. மாம்பழம் ஏன் அழுகியது என்பது நமக்கு வேண்டாம். பட்டியலை எழுதி அவள் மேசைக்கு மேலே ஒட்டினேன். இரண்டே வாரத்தில் அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். விடைகள் சரியாக வந்தன. அடுத்த தேர்வில் பதினாறு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தினமும் காலையில் ஒரு துண்டுத் தாளில் புதுக்கணக்கு ஒன்று எழுதி, அவள் சாப்பாட்டுப் பையில் வைக்கத் தொடங்கினேன். மாலையில் சிவப்போ பச்சையோ வட்டத்தோடு அது திரும்பி வரும்.

வியாழக்கிழமைகளில் ஆழ்வார்பேட்டையில் அவளுக்கு ஓவிய வகுப்பு. பள்ளி வேன் அங்கே இறக்கிவிடும். ஐந்து மணிக்கு வகுப்பு முடியும்போது நான் பைக்கோடு வாசலில் நிற்பேன். அந்த வியாழக்கிழமை அலுவலகத்தில் ஒரு கூட்டம் இருந்தது. மெட்ரோ வேலைக்காகச் சாலையில் பாதியைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். ஐந்தரைக்குத்தான் போக முடியும். இதை அவளிடம் வாயால் சொல்லியிருக்கலாம். இல்லை, ஓவிய ஆசிரியைக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கலாம். என் சாமர்த்தியம் என்னை விடவில்லை. அன்றைய தாளில் இப்படி எழுதினேன்: "ஓவிய வகுப்பு மாலை 5.00 மணிக்கு முடிகிறது. 30 நிமிடம் கழித்து அப்பா வருவார். அப்பா எத்தனை மணிக்கு வருவார்? அந்த நேரத்துக்கு வாசலுக்கு வரவும்."

ஐந்து இருபத்தைந்துக்கு வாசலில் யாரும் இல்லை. மாடியேறினேன். ஆசிரியை தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"அவ நாலரைக்கே கீழ போயிட்டாளே சார். நீங்கதானே நாலரைக்கு வர்றதா எழுதியிருந்தீங்க? கீழே 4.30னு இருந்ததைக் காட்டினாளே."

தாள் மேசையிலேயே கிடந்தது. 'கழித்து' என்ற சொல்லைச் சுற்றி அழுத்தமான சிவப்பு வட்டம். கீழே 5.00, அதற்குக் கீழே 0.30, ஒரு கழித்தல் குறி, ஒரு கோடு, 4.30. அரை மணியை ஐந்து மணியிலிருந்து எடுப்பது அவளுக்குக் கடினம். ஓரத்தில் கடிகாரம் வரைந்து, முள்ளைப் பின்னால் நகர்த்திக் கண்டுபிடித்திருந்தாள். ஒரு தவறும் இல்லை. விடைக்கு அவளே ஒரு 'சரி' போட்டிருந்தாள்.

காவலாளி தண்ணீர் மோட்டார் போடப் பின்பக்கம் போயிருந்தாராம், பார்க்கவில்லை. நான் பைக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அவள் எப்போதும் நான் வரும் திசையைப் பார்த்துத்தான் நிற்பாள், அந்தப் பக்கம் போனேன். நடைபாதை முடிந்த இடத்தில் தகர மறைப்பு. அதற்கு அப்பால் மூன்று சந்துகள். மருந்துக்கடையில் கேட்டேன், இளநீர் விற்பவரிடம் கேட்டேன். மஞ்சள் சீருடை, தோளில் நீலப் பை, இவ்வளவு உயரம். எவ்வளவு உயரம் என்று கையால் காட்டும்போது சந்தேகம் வந்தது. கையைக் கொஞ்சம் உயர்த்தினேன், தாழ்த்தினேன். ஓடும்போதே மண்டைக்குள் ஒரு கணக்கு தானாக ஓடியது. ஒரு சிறுமி நிமிடத்துக்கு நாற்பது மீட்டர் நடந்தால் ஐம்பத்தைந்து நிமிடத்தில் எவ்வளவு தூரம் போவாள்? இரண்டு கிலோமீட்டருக்கு மேல். எந்தப் பக்கம் என்று கணக்கில் இல்லை.

தியாகராய நகரில் வேலை செய்யும் மனைவியை அழைத்தேன். அவள் கத்தவில்லை. தெரியாத எண்ணிலிருந்து தனக்கு இரண்டு அழைப்புகள் வந்ததாகவும், ஏதோ கடன் விற்பவர்கள் என்று எடுக்காமல் விட்டதாகவும் சொன்னாள். மகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அவளுடையது. உடனே திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு என்னை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை, ஆட்டோவில் ஏறிவிட்டேன், நீங்கள் வகுப்பு வாசலுக்கே திரும்பிப் போய் நில்லுங்கள், அவள் அங்கே வந்தாலும் வரலாம், நகராதீர்கள் என்றாள்.

நகராமல் நிற்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. நின்றேன், உட்கார்ந்தேன், கேட்டுக்கு வெளியே நான்கு அடி போனேன், திரும்பினேன். மாலை வகுப்புக்கு வந்த பிள்ளைகளை அம்மாக்கள் இறக்கிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பையையும் பார்த்தேன். ஆசிரியை ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். இன்னும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போவது என்று முடிவு செய்தேன். ஐந்து நிமிடம் போனது. மறுபடி ஐந்து நிமிடம் என்றேன்.

ஆறு பத்துக்கு, தகர மறைப்பின் பக்கமிருந்து ஒரு அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், சேலையை இழுத்துச் செருகியிருந்தார். அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் மகள். முகமெல்லாம் அழுது காய்ந்த தடம். கையில் பாதி தின்ற பன்.

"நீதான் அப்பாவா? இன்னா சார் நீ" என்றார்.

அடுத்த தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவராம். அப்பா வரவில்லையே என்று எதிரே நடந்து வழி தவறி வந்த பிள்ளையைத் தன் முக்காலியில் உட்கார வைத்து, பன் வாங்கிக் கொடுத்து, அவள் சொன்ன எண்ணுக்கு இரண்டு தரம் போன் போட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு போனை வண்டியிலேயே போட்டுவிட்டு, படம் வரையும் வகுப்பு எங்கே என்று தெருத் தெருவாக விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். அப்பா எத்தனை மணிக்கு வருவதாகச் சொன்னார் என்று வழியில் கேட்டதற்கு, ஐந்து மணிக்கு அரை மணி கழித்து என்று மகள் சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் ஐந்தரைதானே, அதற்குள் ஏன் கிளம்பினாய் என்று இவர் கேட்டிருக்கிறார்.

"அதுக்கு இன்னா சொல்லுது தெரியுமா? 'அது பேசறப்போதான் ஆயா, கணக்குல கழிச்சுன்னா கழிக்கணும், எங்கப்பா சொல்லிகீறாரு'ன்னுது."

நான் மண்டியிட்டுக் கைகளை நீட்டினேன். மகள் வரவில்லை. அந்த அம்மாளின் பின்னால் இன்னும் ஒதுங்கிக்கொண்டு, ஒரு கண்ணால் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மாள் என்னையும் பார்த்தார், குனிந்து அவளையும் பார்த்தார்.

"அடிப்பாரான்னு நானும் கேட்டேன் சார். அதெல்லாம் இல்லியாம். கணக்கு தப்பா போட்டா மூஞ்சியத் திருப்பிக்கினு பேசவே மாட்டியாம், சாப்புடறப்போ கூட. அதுக்குத்தான் வராம நின்னுகினு கீது. பேசுவியா மாட்டியா, இப்பவே சொல்லிடு. வண்டிய அப்பிடியே உட்டுட்டு வந்துகீறேன், இஸ்திரிப் பொட்டி வேற சூடா கீது."