தலை குனியாதீர்கள்

மாடி வீட்டில் இன்று கொள்ளு வேகவைக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் மற்றவர்களுக்கு அந்த வாசனையில் ரசம் நினைவுக்கு வரலாம். எனக்கோ தலை தானாகக் குனிகிறது. காரணம் ஒரு யானை.

படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை, திருச்சிக்கு வெளியே மீட்கப்பட்ட யானைகளின் முகாமில் மேலாளர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த நாற்காலியில் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்து உட்காருவேன். வெளியே கொள்ளு அண்டா அண்டாவாக வேகும். பெரிய அண்டா கோமளாவுக்கு.

கோமளா பல வருடம் தெருத்தெருவாக ஆசீர்வாதம் செய்தவள். யார் குனிந்தாலும் தலையில் துதிக்கை வைத்துவிடுவாள். செருப்பு வாரை மாட்டக் குனிந்த முகாம் டாக்டருக்கும் கிடைத்தது.

"மனுஷங்களயே பாத்துக்கிட்டு நின்னா மத்த யானைங்களோட சேரமாட்டாம்மா. ஒரு மாசம் யாருக்கும் ஆசீர்வாதம் பண்ணாம இருக்கட்டும், சங்கிலிய அவுத்துடலாம்" என்றார் அவர்.

உடனே போர்டு எழுதினேன்: 'தலை குனியாதீர்கள்.' முத்து முத்தான எழுத்து. நானே நாலு தரம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டேன்.

இருபத்தொன்பதாம் நாள், அப்பா தொட்டியத்திலிருந்து வாழைத்தாரோடு வந்தார். போர்டுக்குப் பக்கத்திலேயே நின்று, துண்டை இடுப்பில் கட்டி, பயபக்தியோடு குனிந்தார். கோமளாவும் ஆசை தீர ஆசீர்வதித்தாள்.

"போர்டு இருக்கேப்பா!"

"பாத்தேம்மா. நீ எழுதுனதா? அழகா இருக்கு."

நான் போர்டைத் திரும்பிப் பார்த்தேன். பாகர் காதர் பாய்தான் காப்பாற்றினார். "நானும் படிக்கல மேனேஜரம்மா. நீங்க வாயால சொன்னதத்தான் கேட்டேன். ஆனா பெயின்ட்டு சூப்பருங்க."

மறுபடி ஒன்றாம் நாள். இந்த முறை படம் வரைந்தேன்.

"ஆளு புரியுது. பக்கத்துல எதுக்குங்க பன்னி?"

"அதுதான் பாய் யானை!"

அடுத்த மாதம் வந்த அப்பா, போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்று பழத்தை நீட்டினார். கோமளா வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். அந்த வாரமே சங்கிலி இல்லாமல் தோப்புக்குள் மற்ற இரண்டு யானைகளிடம் போனாள்.

வேலையை விட்டுக் கிளம்பிய அன்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, என் போர்டுக்கு முன்னால் நானே குனிந்தேன். கோமளா வந்தாள். என் கொண்டையில் இருந்த மல்லிகைச் சரத்தை உருவி வாயில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தோப்புக்குள் போய்விட்டாள்.

அந்த ஆசீர்வாதம் இப்போது உலகத்தில் இல்லை. அதை ஒழித்ததே நான்தான். கடைசியாக அதை வாங்கியவர் என் அப்பா.