பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு ஜெபம்

போன வருடம் கார்த்திகை மழை தொடங்கிய நாட்களில், யாழ்ப்பாணத்தில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் நடந்தது இது. எனக்குக் குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் செய்திருந்தார்கள். காயத்தில் கொஞ்சம் நீர் கட்டியதால் இன்னும் சில நாள் இருந்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

நான் மானிப்பாய்ப் பக்கம் சைக்கிள் திருத்துகிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நாலு பேர் நின்றால் எனக்கு வாய் வராது. கடையில் அது பெரிய குறையாகத் தெரிவதில்லை. குனிந்து சைக்கிள் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சபையில்தான் கஷ்டம். "உங்கட விசுவாசத்தை ஒரு ஆளுக்காவது சொல்லுங்கோ" என்று போதகர் கேட்கிற ஞாயிற்றுக்கிழமைகளில், கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆண்டவர் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. அதைச் சொல்லத்தான் தெரியாது.

பக்கத்துக் கட்டிலில் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிற ஒரு பெரியவர் இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையப் பகிடி. சலரோகம் என்கிற நீரிழிவால் அவருடைய கால்விரல் ஒன்று கறுத்துவிட்டது. அந்த விரலை எடுக்காவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பெரியவர் சம்மதிக்கவில்லை.

"நான் ஆஸ்பத்திரியிலை பேரை வெட்டி, துண்டு வாங்கிக்கொண்டு வீட்டை போறன். இதரை வாழை குலை தள்ளுற நேரம், இஞ்சை கிடந்து என்ன செய்யிறது?" என்பார்.

பார்க்க வருகிற மகள் கட்டில் விளிம்பில் இருந்து அழுவாள். "விரலோடை போகட்டும் அப்பா. காலையும் குடுத்துப்போட்டு என்னண்டு தோட்டத்துக்குப் போகப் போறியள்?"

"நீ சும்மா இரு பிள்ளை. வாழை ஒற்றைக் காலிலைதானே நிக்குது" என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் சிரிப்பார்.

ஒருநாள் பின்னேரம் எங்கள் சபையிலிருந்து சிலர் தோடம்பழமும் பால்மாவும் கொண்டு என்னைப் பார்க்க வந்தார்கள். நல்ல மனிதர்கள். எனக்காக உருக்கமாக ஜெபித்தார்கள். பிறகு அவர்களில் மூத்தவர் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார். "தம்பி, ஆண்டவர் உம்மைப் பயமில்லாமல் காத்ததை எல்லாருக்கும் சொல்லும்" என்றார்.

வார்டே என்னைப் பார்த்தது. வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அவர் என் தோளைத் தட்டிவிட்டு, தானே அழகாக நாலு வார்த்தை சொல்லி முடித்தார். பக்கத்துக் கட்டில்காரர் கண்ணை மூடி நித்திரை போலக் கிடந்தார்.

அவர்கள் போனதும் ஒரு கண் திறந்தது.

"என்ன தம்பி, தையல் வயித்திலை எண்டல்லோ சொன்னனீர்? வாயிலையும் ரெண்டு போட்டுவிட்டினமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காயத்தைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பில் மனது கொஞ்சம் இளகியிருக்க வேண்டும்.

"இல்லை அண்ணை. பயமில்லாமல் இருந்தனான் எண்டு சொல்லச் சொன்னவர். நான் பயந்தனான். அதுதான் சொல்லேலாமல் போச்சு."

அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தார். "நீரும் பயந்தனீரோ?"

"கேற் வரைக்கும் ஓடினனான்."

உண்மைதான். ஒப்பரேஷனுக்கு முதல்நாள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசல் கேற்றடியில் நின்று மானிப்பாய் பஸ் வருகிறதா என்று கூடப் பார்த்தேன்.

"பிறகு ஏன் திரும்பி வந்தனீர்?"

இந்தக் கேள்விக்கு ஆண்டவரைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. இத்தனை வருடம் நான் ஒளித்துத் திரிந்த இடத்தில் இந்தப் பெரியவர் என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"ஆண்டவரிட்டை, 'பயமாயிருக்கு, என்னோடை வாரும்' எண்டு கேட்டனான் அண்ணை."

"அவர் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"பிறகு?"

"கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தனியப் போற மாதிரி இல்லை. நடந்து வந்திட்டன்."

பகிடி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"என்ரை அண்ணரும் ஒரு விரல் எண்டுதான் உள்ளை போனவர், தம்பி" என்றார் கடைசியில். "திரும்பி வரேல்லை. நான் வாழையைச் சாட்டுச் சொல்லிக்கொண்டு கிடக்கிறன். பிள்ளைக்கும் இதைச் சொல்லேல்லை."

"உங்களுக்காகவும் கேக்கிறன் அண்ணை" என்றேன்.

"கேளும். எனக்கென்ன நட்டம்" என்றார். ஆனால் அன்று வார்டு நேர்ஸ் மிஸி மருந்து கொடுக்க வந்தபோது, ஒப்பரேஷனுக்குச் சம்மதம் என்று அவராகவே சொன்னார். மிஸி நம்பாமல் இரண்டாம் முறையும் கேட்டார்.

காலையில் தள்ளுவண்டி வந்தது. மகள் அவருக்குத் திருநீறு பூசிவிட்டாள். வண்டியில் ஏற்றிய பிறகு அவர் என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தள்ளுகிறவர் கையை எடுக்கச் சொன்னார். அவர் எடுக்கவில்லை. இப்போது இறங்கினால் இனி ஏறமாட்டார் என்று எல்லோருக்கும் விளங்கியது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"தம்பி, நேற்றுச் சொன்னீரே, அதை உம்மடை ஆளிட்டைச் சொல்லிவிடும். சத்தமாய்ச் சொல்லும். எனக்கும் கேக்கோணும்."

மறுபடியும் வார்டே பார்த்தது. நான் காயத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்று, கம்பியில் இருந்த அவர் கையின் மேல் என் கையை வைத்தேன். சபையில் கேட்ட நல்ல நல்ல வசனங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"ஆண்டவரே, இந்த அண்ணைக்குப் பயமாயிருக்கு. எனக்கும் பயமாயிருக்கு. நீர் அவரோடை உள்ளை போய்ப் பக்கத்திலை நில்லும். ஆமென்."

"முடிஞ்சுதோ?"

"ஓம் அண்ணை."

"கெட்டிக்காரன். சுருக்கமாய்ச் சொல்லிப்போட்டீர்." கம்பியிலிருந்து கையை எடுத்தார். "தள்ளுங்கோ."

மத்தியானம் திரும்பிக் கொண்டுவந்தார்கள். விரல் போய்விட்டது, பாதம் தப்பிவிட்டது. மயக்கம் தெளிந்ததும் அவர் போர்வையைத் தூக்கிக் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு அண்ணரின் கதையை அவளுக்கு மெல்லச் சொன்னார். அது எனக்குக் கேட்கக் கூடாது என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நான் வீட்டுக்குப் போகிற அன்று, எதிர்க் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். மறுநாள் அவருக்கு ஒப்பரேஷன். சாப்பாட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பை கட்டிக்கொண்டிருக்க, பெரியவர் அவரோடு கதைப்பது கேட்டது.

"பயமெண்டால் பயமெண்டு சொல்லும். வெட்கப்படாதையும். நான் எங்கட முருகனிட்டையும் சொன்னனான். அந்தா நிக்கிற தம்பி தன்ரை ஆண்டவரிட்டையும் சொல்லிவிட்டவர். பயந்த ஆக்களை அந்த ஆண்டவர் துரத்திக் கலைக்கிறேல்லையாம். அவர் வீட்டை போறதுக்கு முதல் அந்தத் தம்பியிட்டைக் கேட்டுப் பாரும்."

நான் அப்படி ஒரு வசனம் அவரிடம் சொல்லவே இல்லை. ஆனால் அதுதான் என் விசுவாசம். எனக்கே சொல்லத் தெரியாததை, நான் சொன்ன அரைகுறை வார்த்தைகளிலிருந்து அவர் எடுத்துவிட்டார். பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் புது மனிதரின் கட்டிலடிக்குப் போய் இருந்தேன். பஸ் ஒன்று போய்விட்டது. என்னைக் கூட்டிப்போக வந்த மனைவி வாசலில் நின்று முறைத்தாள்.

பெரியவர் இன்றும் தன் கோயிலுக்குத்தான் போகிறார். மானிப்பாய்ப் பக்கம் வந்தால் கடைக்கு ஒரு சீப்பு இதரைப்பழம் கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இன்னமும் கடைசி வாங்கில்தான் இருக்கிறேன். ஆனால் யாராவது சைக்கிளைத் தந்துவிட்டுப் போகாமல், ஏதோ பாரத்தோடு கடைவாசலில் நின்றால், நான் சில்லிலிருந்து தலையை நிமிர்த்துகிறேன். கேற் வரைக்கும் ஓடிய என்னைத் திரும்பி நடக்க வைத்தவரை இன்னொருவருக்குச் சொல்ல, என் நடுங்குகிற குரலே போதும் என்று இப்போது நம்புகிறேன்.