கண்ணை மூடினால் விழுகிறவன்

முதல் அறிகுறி எனக்குச் சந்நிதியில் வைத்து வந்தது.

மட்டாஞ்சேரியில் நாங்கள் வழக்கமாகப் போகும் கோயில். இங்குள்ள முறைப்படி சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஆண்கள் கூட்டத்தில் நின்றிருந்தேன். தீபாராதனைக்கு மணி அடித்தது. கையைக் கூப்பினேன், கண்ணை மூடினேன். அடுத்த கணம் என் மூக்கு, முன்னால் நின்ற ராமநாதன் சாரின் வெற்று முதுகில் இருந்தது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். நல்ல அகலமான முதுகு. அது மட்டும் அங்கே இல்லையென்றால் படியில் முகம் குப்புற விழுந்திருப்பேன்.

"என்ன ஓய், தடுக்கித்தா?" என்றார்.

தடுக்குவதற்கு நான் நடக்கவே இல்லை. சும்மா நின்றவன் விழுந்திருக்கிறேன்.

பெண்கள் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி ஜெயா வெளியே வந்ததும், "பக்தி முத்திப்போச்சாக்கும்," என்றாள். நானும் சிரித்தேன். மூக்கில் அவருடைய முதுகுச் சந்தனம் ஒட்டியிருந்ததால் பார்த்தவர்களும் சிரித்தார்கள்.

பிறகு குளியலறையில் அதே கதை. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் சுவர் வந்து தோளில் இடித்தது. உள்ளங்காலில் முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது; சில வாரங்களில் அந்த எறும்புகளும் போய்ப் பஞ்சின்மேல் நடப்பதுபோல் ஆனது. ஒருநாள் கடையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன். இன்னொன்று எங்கே கழன்றது என்று என் காலுக்கே தெரியாது.

நான் பஜார் தெருவில் மலைச்சரக்குத் தரகு செய்கிறவன். மிளகு, சுக்கு, ஏலம், ஜாதிக்காய். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கைப்பிடி மிளகை உருட்டி, எந்த மலைச் சரக்கு, எவ்வளவு ஈரம் என்று சொல்வது என் பழக்கம். பாதி திறமை, பாதி நாடகம். இப்போது உட்கார்ந்துகொண்டுதான் அந்த நாடகத்தை நடத்த முடிந்தது.

பயம் வந்தால் புத்திசாலிகள் மருத்துவரிடம் போவார்கள். நான் கைப்பேசியிடம் போனேன். ஒரே மாலையில் அது எனக்கு மூளைக்கட்டி, பக்கவாதம், இன்னும் வாயில் நுழையாத மூன்று நோய்களைக் கொடுத்தது. ஜெயாவைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "லாக்கர் சாவி எங்கே இருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கோ," என்றேன்.

"எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. அதை நான் எடம் மாத்தி வெச்சாச்சு."

அதோடு நின்றேனா? நெஞ்சை நிமிர்த்திய ஒருவர் காணொளியில் வந்து, பாலும் பால் சார்ந்தவையும் நரம்புக்கு விஷம் என்றார். அன்றே பால், மோர், நெய் எல்லாவற்றுக்கும் விடை கொடுத்தேன். தயிர்சாதத்துக்கும் சேர்த்து. இலையில் ரசத்தோடு எழுந்திருப்பவனை ஜெயா பார்த்த பார்வை, மதம் மாறியவனைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"தயிர் வேண்டாம்னு சொன்னவாளை உங்க குடும்பத்துலயும் பார்த்ததில்லை, எங்க குடும்பத்துலயும் பார்த்ததில்லை. மொதல்ல டாக்டரைப் பாருங்கோ."

நான் மேலும் மோசமானேன். கிடங்குப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. நாக்கு சிவந்து வழவழவென்று ஆனது. ஜெயாவே ஆட்டோ பிடித்துச் சுள்ளிக்கல்லில் இருக்கும் டாக்டர் ஷீலாவிடம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

டாக்டர் என் கால் கட்டைவிரலில் ஓர் இசைக்கவையை (தட்டினால் அதிரும் இரும்புக் கவை) வைத்தார். "அதிருதா?"

"இன்னும் தட்டலையே டாக்டர்."

அதைத் தூக்கி என் மணிக்கட்டில் வைத்தார். ஙொய்யென்று எலும்புவரை அதிர்ந்தது. மறுபடி விரலில் வைத்தார். ஒன்றும் இல்லை. அதுவரை நோயைப் பற்றி நான் கற்பனை செய்த எதுவும் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

பிறகு என்னை எழுந்து நின்று, பாதங்களைச் சேர்த்து, கண்ணை மூடச் சொன்னார். நான் விழுவேன் என்று முன்கூட்டியே தெரிந்து, இரண்டு கைகளையும் விரித்துக் காத்திருந்தார். விழுந்தேன். பிடித்தார்.

இரத்தப் பரிசோதனையும் முதுகுத்தண்டு ஸ்கேனும் முடிந்தபின் அவர் சொன்னது: "பேடிக்கண்டா சேட்டா, பயப்படாதீங்க. கட்டி ஒண்ணும் இல்லை. பி12 தீந்துபோச்சு, அவ்வளவுதான்."

பி12 என்பது ஒரு வைட்டமின். இறைச்சி, மீன், முட்டையில் நிறைய உண்டு. எங்களைப் போன்ற சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குக் கிடைப்பது பாலிலும் தயிரிலும் மட்டும், அதுவும் கொஞ்சம். என் வயிற்றின் உட்சுவர் அதை உறிஞ்ச உதவும் புரதத்தைச் சரியாகச் சுரக்கவில்லை. போதாததற்கு, நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்காக நானே வாங்கி விழுங்கிய மாத்திரைகள். சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்ததையும், காணொளிக்காரர் பேச்சைக் கேட்டு நானே அடைத்துவிட்டேன். நோயைத் தேடிப் போய் விருந்துக்கு அழைத்திருக்கிறேன்.

இரத்தம் பார்க்கும் மருத்துவர் நல்லவர். நான் கேட்டதும் என் இரத்தத்தை நுண்ணோக்கியில் எனக்கே காட்டினார். சிவப்பணுக்கள் பெரிது பெரிதாக, முட்டை வடிவில் கிடந்தன. புதிய அணுக்கள் பிரிந்து உருவாக பி12 வேண்டும். அது இல்லாவிட்டால் எலும்பு மஜ்ஜையில் அவை பிரியாமல் ஊதிக்கொண்டே போகும். இதற்கு மெகலோபிளாஸ்டிக் அனீமியா (அணுக்கள் பருத்து, எண்ணிக்கையில் குறையும் இரத்தசோகை) என்று பெயர். ஒரு நியூட்ரோஃபிலையும் (கிருமியோடு சண்டையிடும் வெள்ளையணு) காட்டினார். அதன் உட்கரு மூன்று நான்கு துண்டாக இருக்க வேண்டியது, ஆறு துண்டாகக் கிடந்தது. ஏலக்காயில் பருமன் கூடினால் விலை கூடும். இரத்தத்தில் பருமன் கூடினால் கழிவுச் சரக்கு. ஐம்பத்திரண்டு வயதில் என் உடம்பை முதல்முறையாகத் தரம் பார்த்தேன்.

அதே பி12தான் மயலினையும் (நரம்பைச் சுற்றியுள்ள கொழுப்புறை) காக்கிறது. கால் எங்கே இருக்கிறது என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோகும் முதுகுத்தண்டு நரம்புகளில் அந்த உறை உரிந்திருந்தது. அதுவரை என் கண்தான் திருட்டுத்தனமாகக் காலுக்கு வேலை பார்த்திருக்கிறது. கண்ணை மூடியதும் குட்டு வெளிப்பட்டது.

"எவ்வளவு நாள் டாக்டர்?" என்று டாக்டர் ஷீலாவிடம் கேட்டேன்.

"எதுக்கு?"

"எனக்கு."

ஜெயா நெற்றியில் அடித்துக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. "ரத்தம் சீக்கிரம் நேராகும், அதுக்கு நான் உறுதி. கால் எத்தனை திரும்பி வரும்னு வாக்குத் தர மாட்டேன். தாமதமாகித்தான் வந்திருக்கீங்க. இடது கால் கடைசியா வரும். வராமலும் இருக்கலாம்."

ஊசி மருந்து மாதுளைச் சாற்று நிறத்தில் இருந்தது. முதலில் தினமும், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. ஆயுள் முழுவதும் உண்டு. ஒரு காலத்தில் இந்த நோயின் கடுமையான வடிவம் வந்தால் சாவுதான் என்றும், நிறையப் பச்சை ஈரலைத் தின்னவைத்து மனிதர்களைப் பிழைக்க வைத்தார்கள் என்றும், அந்த ஈரலுக்குள் என்ன இருக்கிறது என்று தேடித்தான் இந்தச் சிவப்புத் துளியைப் பிரித்தெடுத்தார்கள் என்றும் டாக்டர் சொன்னார். வெங்காயத்துக்கே யோசிக்கும் வீட்டில் பிறந்தவன் நான். ஒவ்வொரு ஊசியின்போதும், முகம் தெரியாத அந்த ஆராய்ச்சிக்காரர்களையும் கண்ணை மூடிக்கொண்டு ஈரலை விழுங்கிய அந்த நோயாளிகளையும் நினைத்துக் கும்பிட்டேன். படுத்துக்கொண்டுதான், விழ வாய்ப்பில்லை.

டாக்டர் சொன்னபடி இரத்தம் சரியானது. படி ஏறினேன், நாக்கு தேறியது, தயிர் இலைக்குத் திரும்பியது. கால் மட்டும் திரும்பவில்லை.

இதைப் படிப்பவர்களில் யாராவது இந்த இடத்தில் இருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறிக்கையில் எல்லா எண்ணும் நேராகி, எல்லோரும் "சரியாயிடுத்தே" என்று சொல்லும்போது உங்களுக்கு மட்டும் சரியாகாமல் இருக்கும். என் கேலியெல்லாம் அப்போதுதான் நின்றது. கைத்தடியோடு கடைக்குப் போய்ப் பேசாமல் வந்து பேசாமல் படுத்தேன்.

இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஜின்ஸி வைப்பின் தீவிலிருந்து படகில் வருவாள்; எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயது. சமையலறை மேடையைப் பிடித்தபடி கண்ணை மூடி நிற்க வைத்தாள், பஞ்சு மெத்தையில் நிற்க வைத்தாள், கயிற்றுப்பாயிலும் ஈரத்துண்டிலும் நடக்க வைத்தாள். "அங்கிள், மூளைக்குள்ள நம்ம உடம்போட படம் ஒண்ணு உண்டு. காலிலேருந்து செய்தி வரலைன்னா அந்த இடம் மங்கிப்போகும். கொறச்சு செய்தி வந்தாலும் போதும், கவனிச்சுக் கவனிச்சு மூளை அதை மறுபடி வரைஞ்சுக்கும். ஆனா அது கவனிக்கணும். அதுக்குப் பிடிச்ச விஷயமா இருக்கணும்." இதன் பெயர் நியூரோபிளாஸ்டிசிட்டி (அனுபவத்துக்கேற்ப மூளை தன் இணைப்புகளை மாற்றிக்கொள்ளும் திறன்).

"எனக்குக் கயிற்றுப்பாயைப் பிடிக்கலையே," என்றேன்.

"என்ன பிடிக்கும்?"

யோசிக்காமல் சொன்னேன்: "மிளகு. ஜாதிக்காய்."

"அப்ப அதை மிதிங்க."

ஜெயா அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள். "திங்கற சாமானைக் காலால மிதிக்கறதா? நடக்காது. லக்ஷ்மியாக்கும் அது." ஜின்ஸி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கிடங்கில் ஆட்கள் மிளகைக் காலால்தான் தள்ளி உலர்த்துகிறார்கள் என்று வாதாடியிருக்கலாம். வாதாடத் தெம்பில்லை.

சில நாள் கழித்து, மத்தியானம், ஜெயா நான்கு தாம்பாளங்களைக் கொண்டுவந்து என் நாற்காலியின் முன் தரையில் வைத்தாள். ஒன்றில் மிளகு, ஒன்றில் சுக்கு, ஒன்றில் ஜாதிக்காய், ஒன்றில் கிராம்பு. எல்லாம் என் கடையின் கழிவுச் சரக்கு. அவளே போய் வாங்கி வந்திருக்கிறாள்.

"மிதிங்கோ."

"லக்ஷ்மியாச்சே?"

"லக்ஷ்மிகிட்ட நான் பேசிக்கறேன். உங்க அறுவையைக் கேக்காம ஆத்துல இருக்கவே முடியலை. மிதிங்கோ."

என் கண்ணைத் துண்டால் கட்டினாள். ஐம்பத்திரண்டு வயதில் என் பாதங்கள் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தன. ஆரம்பத்தில் ஒன்றுக்கும் உதவாத ஆட்கள். ஜாதிக்காயைச் சுக்கு என்றன. கிராம்பைத் தாம்பாளம் காலி என்றன. ஜெயா தாம்பாளங்களை மாற்றி மாற்றி வைத்து, தப்பாகச் சொன்னால் "இந்தக் கண்ணை வெச்சுண்டா ஊரை ஏமாத்தினேள்?" என்று கேட்பாள். கண்ணில்லை, கால் என்று திருத்துவேன். ஜாதிக்காயின் உருளல்தான் முதலில் வந்தது. வலது குதிகாலின் அடியில், வெகு தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோல். பிறகு சுக்கின் முண்டு. மிளகு வர மழைக்காலம் கழிந்தது.

ஒரு வாழ்நாள் முழுக்க வேடிக்கைக்குப் பயன்படுத்திய மண்டை இது. அறுந்த பாதைகளை விட்டுவிட்டு, மிஞ்சிய சந்து பொந்துகளில் புகுந்து, கேட்பாரில்லாமல் இரவும் பகலும் வேலை பார்த்திருக்கிறது. அதன்மேல் எனக்கு இப்போது ஒரு மரியாதை. அதைக் கண்டபடி பயமுறுத்துவதில்லை, அதற்குக் காணொளி காட்டுவதும் இல்லை.

முழுதாகச் சரியாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். என் காலுக்கும் எனக்கும் நடுவில் இப்போது கொஞ்சம் தூரம் இருக்கிறது. தரை குளிர்ந்திருக்கிறது என்ற தகவல் தாமதமாகத்தான் வந்து சேரும். முன்பெல்லாம் எதற்கும் காத்திருக்கத் தெரியாதவன் நான். இப்போது ஒவ்வோர் அடியிலும் பதில் வரும்வரை நிற்கிறேன், பிறகுதான் அடுத்த அடி. நாள் நீளமாகிவிட்டது.

போன மாதம் அதே கோயில். கைத்தடியை வாசலில் விட்டேன். ராமநாதன் சார் என்னைப் பார்த்ததும் முன்னாலிருந்து விலகி ஓரமாக நின்றுகொண்டார். புத்திசாலி. மணி அடித்தது. கையைக் கூப்பினேன், கண்ணை மூடினேன். ஆடினேன், குதிகால் பதில் சொன்னது, நின்றேன். சுவாமியிடம் என்ன கேட்பது என்று நினைக்க நேரமில்லை. மனம் முழுக்கப் பாதத்தில் இருந்தது.

அப்போது இடது காலின் சுண்டுவிரலில் சுருக்கென்றது. டாக்டர் வாக்குத் தராத கால். கடைசி விரல்.

"ஐயோ!" என்று கத்திவிட்டேன். சுற்றி இருந்தவர்கள் பதறி விலகும் சத்தம் கேட்டது. "விழறார், பிடிங்கோ!" இது ராமநாதன் சார். பெண்கள் பக்கமிருந்து ஜெயாவின் குரல்: "என்ன ஆச்சு?"

"எறும்பு கடிக்கறது!" என்றேன். "ஜெயா, எனக்கு எறும்பு கடிக்கறது!"

"தட்டி விடுங்கோ!" என்று யாரோ சொன்னார்கள்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. குனியவும் இல்லை. இன்னொரு தடவை கடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.