அக்கா பெறாத பட்டம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நல்லதை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அக்கா பொதட்டூர்பேட்டையில் நெசவுக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அடுத்தவன் நான். அம்மா சீக்கிரமே போய்விட்டார். திருத்தணிக்குக் குடிவந்த பிறகு வீட்டையும், நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவையும், என்னையும் பார்த்துக்கொண்டவர் அக்காதான். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார். தனியார் கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பகுதி நேரமாகச் சேர்ந்தார். இந்த எல்லைப் பகுதி ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தபோது நெசவாளர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பது அவருடைய ஆய்வு.

தடியாக ஒரு புத்தகம் எழுதிக் கொடுத்தால் பட்டம் தந்துவிடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதலில் எழுத்துத் தேர்வு, பிறகு குழுவின் முன்னால் நின்று விளக்கம், ஆய்விதழ்களில் கட்டுரை, ஆய்வேடு, கடைசியாக வாய்மொழித் தேர்வு. பழைய ஆவணங்களில் பாதி தெலுங்கில் இருந்தன. வீட்டில் தெலுங்கு பேசுவோமே தவிர எழுத்து தெரியாது. நாற்பது வயதில் அக்கா ஒன்றாம் வகுப்புத் தெலுங்குப் புத்தகம் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். "இன்னா பாப்பா, ஸ்கூலுக்கு டைம் ஆவுலயா?" என்று கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே படிப்பார்.

ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு கெடு உண்டு. நைனா படுக்கையில் கிடந்ததால் அக்கா இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியிருந்தார். மூன்றாவது கிடையாது. அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னால் நைனா இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பெண்கள் படி தாண்டுவது எங்களில் வழக்கமில்லை.

"நேர்ல போயி கையெழுத்து போடணும்டா. போயிட்டு சாயங்காலம் வந்துடறேன்" என்றார் அக்கா.

"காரியம் முடியாம எப்டிக்கா போவ? ஊரு என்னா பேசும்? அஞ்சாறு நாள் தள்ளிக் குடுத்தா பட்டம் எங்கனா ஓடிடுமா?"

"ஆங், ஓடிடும்."

நான் விடவில்லை. கட்டி வைத்த ஆய்வேடு மேசை மேலேயே இருந்தது. பதினேழாம் நாள் போனபோது பதிவு ரத்தாகியிருந்தது.

மனு மேல் மனு போட்டு, மறுபடி பதிந்து, எழுதிய தேர்வுகளையே மறுபடி எழுதினார். மூன்று ஆண்டுகள் போயின. அதற்குள் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்தாத கையில் பென்சிலைப் பிடித்துத் திருத்தங்கள் போட்டார். என்னை ஒரு நாளும் குத்திக்காட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இந்த முறை கெடுவுக்கு முன்பே ஆய்வேட்டைக் கொடுத்தார். தேர்வாளர்கள் பட்டம் தரலாம் என்று எழுதிவிட்டார்கள். வாய்மொழித் தேர்வுக்குத் தேதியும் வந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால் மருத்துவமனையில் அக்காவின் உயிர் பிரிந்தது.

தேர்வு நாளன்று நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். கொள்ளி வைத்தவன், காரியம் முடியாமலே போனேன். அக்காவின் ஆய்வுக்கு வழிகாட்டிய நெறியாளர் அம்மா கண் கலங்கினார்.

"ஆய்வேட்டுல ஒரு குறையும் இல்லைங்க. ஆனா கேள்விக்கு நின்னு பதில் சொல்ல வேண்டியது அவங்கதானே? அவங்க இல்லாம குடுக்க விதியில இடமில்லைங்க."

அந்த அம்மாவுக்கும், அக்காவைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தங்கள் கஷ்டத்தையெல்லாம் அக்காவிடம் மனம் திறந்து சொன்ன பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை நெசவாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரின் அட்டையில் அக்காவின் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போடச் சொன்னீர்கள். வாங்காத பட்டத்தைப் போட்டுக்கொள்ள அக்கா சம்மதிக்க மாட்டார். உடம்பு முடியாமல்தான் பட்டம் வாங்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உடம்பு நன்றாக இருந்தபோதே வாங்கியிருப்பார். நான்தான் போகவிடவில்லை.