அம்மா கடலில் குளித்த நாள்

எங்கள் தெருவில், வருடம் முழுக்க வெயில் எரிக்கும் லான்சரோட்டே தீவுக்குப் போய்வராத வீடு எங்களுடையது மட்டும்தான். டென்மார்க்கின் பிராண்டே ஊரில் எங்கள் அயலவர்களான டெனிஷ்காரர்கள் குளிர்காலத்தில் வெளிறிப்போய்ப் புறப்பட்டு, ஒரு கிழமையில் அவித்த இறால்போலச் சிவந்து திரும்புவார்கள். அப்பா அவர்களைப் பார்த்துச் சிரிப்பார். காசு கொடுத்து வெயில் வாங்கும் பழக்கம் எங்களிடம் இருக்கவில்லை.

எனக்கு எட்டு வயதான அந்தக் குளிர்காலத்தில் அப்பாவே பயணச்சீட்டு வாங்கினார். எனக்குத் தம்பியாக வரவேண்டியவன் மருத்துவமனையில் உயிரில்லாமல் பிறந்திருந்தான். அதன்பிறகு அம்மா வேலைக்குப் போகவில்லை, சபைக்குப் போகவில்லை, படுக்கையறைத் திரையைக்கூட விலக்கவில்லை. பாஸ்டர் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். டொக்டர் மாத்திரை எழுதினார். அப்பா இரண்டையும் நம்பினார்; இரண்டும் பலிக்காதபோது வெயிலை நம்பினார்.

“கொஞ்சம் வெயில் பட்டால் அம்மா பழையபடி வந்திடுவா, பார்,” என்று என்னிடம் சொன்னார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

தீவு முழுக்க எரிமலை கக்கிய கறுப்புக் கல். அதன்மேல் கண்ணைக் கூசவைக்கும் வெயில். அம்மா டென்மார்க்கில் போட்ட குளிர்ஜாக்கெட்டைக் கழற்றவேயில்லை. ஹோட்டல் நீச்சல்குளத்தருகே ஒரு டெனிஷ் கிழவி, “உங்களுக்கு இந்த வெயில் பழக்கமாக இருக்குமே,” என்றாள். அப்பா பெருமையோடு தலையாட்டினார். மறுநாள் அவருக்குத் தோள் உரிந்தது.

எரிமலை பார்க்க பஸ்ஸில் போனோம். வழிகாட்டி, அடியில் இன்னும் கொதிக்கும் நிலத்தில் புதைத்த குழாய்க்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினான். மறுகணம் நீராவி சீறிக்கொண்டு வானத்துக்குப் பாய்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா மட்டும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வடிவா இருக்கு, என்ன?”

“ஓம்.”

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அப்பா பின்னேரம்வரை சந்தோசமாக இருந்தார்.

கடைசி நாள் கடற்கரைக்குப் போனோம். அங்கே மணலும் கறுப்பு. “பிள்ளைக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் குடுங்கோவன்,” என்றார் அம்மா. அவர் வாய் திறந்து ஒன்று கேட்டுவிட்டாரே என்று அப்பா ஓடாத குறையாகப் போனார். அம்மா ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து என் மடியில் வைத்தார். மூக்குக்கண்ணாடியை என் சப்பாத்துக்குள் வைத்தார். “இதிலேயே இரு, என்ன?” என்று சொல்லிவிட்டு, நீளப் பாவாடையோடு கடலுக்குள் நடந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது.

வெயில் வேலைசெய்துவிட்டது என்று எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அப்பாவுக்கு உடனே சொல்லவேண்டும். ஐஸ்கிறீம் வரிசைக்கு ஓடி, எனக்கு வாயில் வரும் டெனிஷிலேயே கத்தினேன்: “அம்மா குளிக்கிறா! ஜாக்கெட்டையும் கழட்டிட்டா!”

அப்பாவின் கையிலிருந்த ஐஸ்கிறீம் கீழே விழுந்தது. அவர் சப்பாத்தோடே அலைக்குள் பாய்ந்தார். முன்பின் தெரியாத இரண்டு பேர் நீந்திப் போனார்கள். மூவருமாக அம்மாவைத் தூக்கிவந்து மணலில் கிடத்தினார்கள். அம்மா இருமினார், தண்ணீர் கக்கினார். “அலை இழுத்துப்போட்டுது, அலைதான்,” என்று அப்பா டெனிஷிலும் தமிழிலும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

நான் பக்கத்தில் போய் நின்றேன். அம்மா என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், மெல்லக் கேட்டார்: “ஏன் அவரைக் கூப்பிட்டனீ?”

டென்மார்க் திரும்பியதும் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். கோடையில் வீட்டுக்கு வந்தார். வந்தவர் பழைய அம்மா இல்லை, இன்றுவரை இல்லை. தம்பியைப் பற்றியோ அந்தக் கடலைப் பற்றியோ எங்கள் வீட்டில் யாரும் கதைத்ததில்லை.

ஆனால் தீவிலிருந்து திரும்பிய விமானத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. அம்மா ஆசையாகக் குளித்ததை நான் போய்க் குழப்பிவிட்டேனே. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த அப்பாவைத் தாண்டி எட்டி, தமிழில் சொற்களைத் தேடிப்பிடித்துச் சொன்னேன்:

“அடுத்தமுறை நீங்க குளிக்கேக்க அப்பாட்ட சொல்லமாட்டன் அம்மா.”

அம்மா என் கன்னத்தைத் தடவி, “நல்ல பிள்ளை,” என்றார்.

அப்பா என் கையைப் பிடித்தார். நோகிறது என்று சொல்லியும் பில்லுண்ட் விமான நிலையம் வந்து சேரும்வரை விடவில்லை. அப்பாவுக்கு விமானம் என்றால் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.