வால்வு அக்காவின் கை

அந்த வட்டாரத்தில் யார் வீட்டு எஸ்பிரெஸோ மெஷின் மக்கர் பண்ணினாலும் வால்வு அக்காவைத்தான் தேடுவார்கள். காபி சொட்டுச் சொட்டாக அழுகிறதா, கழுநீர் மாதிரி ஓடுகிறதா, சத்தத்தை வைத்தே வியாதியைச் சொல்லிவிடுவாள். மெஷினைத் திறந்து, உள்ளே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் திருகை இறுக்குவாள். பிரஷர் மீட்டரின் முள் ஒன்பதில் நின்றதும் திருகின் தலையில் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு வைப்பாள். யாராவது திருகைத் தொட்டால் பூச்சு விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

வீடுகளிலிருந்து மெஷின்களை அவள் கடைக்கு வாங்கி வருவதும், சரியானதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள் தம்பி. கொஞ்ச காலமாக, அவள் பார்த்துக் கொடுத்த மெஷின்களில் பிரஷரே இல்லை என்று தம்பி மூலம் புகார் வந்தது. ஒன்றுகூடக் கடைக்குத் திரும்பி வரவில்லை.

"நானே வீட்டுக்குப் போய் சரி பண்ணிட்டேன்க்கா. விடு, வயசானா கை தடுமாறத்தான் செய்யும்" என்பான் தம்பி. அட, அந்தக் கரிசனத்தைப் பார்க்க வேண்டுமே! அவளும் நம்பித் தொலைத்தாள். கண்ணாடியை மாற்றினாள். சாப்பிடும்போதுகூட விரல்களை விரித்து விரித்துப் பார்த்தாள். கடைசியில் இன்று காலை, "இனி கடையை நீயே பாத்துக்கடா, நான் ஒதுங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

"நீ இல்லாத கடை எனக்கெதுக்குக்கா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கிளம்பினான் அவன்.

அவன் போனதும் ஒரு டீச்சரம்மா மெஷினைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். "உங்க தம்பி போனையே எடுக்கல. நேத்து குடுத்தது, அதுக்குள்ள பச்சத் தண்ணியா ஊத்துது."

அக்கா திறந்து பார்த்தாள். அவள் இறுக்கிய திருகு லொடலொடவென்று ஆடியது. ஆனால் தலையில் சிவப்புச் சொட்டு விரிசலே இல்லாமல் இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்தால் மினுமினுத்தது. சுரண்டினாள். அடியில் அவளுடைய பூச்சு உடைந்து கிடந்தது. மினுக்குகிற பூச்சை அவள் வாங்கியதே இல்லை. தம்பி மனைவியின் நகங்களில்தான் அதைப் பார்த்திருக்கிறாள். அந்தக் கையால்தான் அக்காவுக்குத் தைலம் தேய்த்து, "போதும் அண்ணி, கைக்கு ஓய்வு குடுங்க" என்று சொல்லியிருந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் கூட இருந்தே குழி பறித்திருக்கிறார்கள்!

தம்பி உள்ளே வந்தான். "என்னக்கா, இதுலயும் கோட்டை விட்டுட்டியா?"

"உன் பொண்டாட்டியோட நகப்பூச்சு நல்லாத்தான்டா ஒட்டுது."

அவன் முகம் செத்துப்போயிற்று. "கேட்டா நீ கடையைக் குடுக்க மாட்டேன்னு நெனச்சேன்க்கா..."

"ஒரு தடவை கேட்டுப் பாத்தியாடா, பாவி?"

அக்கா திருகை இறுக்கினாள், மீட்டரை மாட்டினாள், மெஷினை ஓடவிட்டாள். முள் ஒன்பதில் போய் அசையாமல் நின்றது. "அப்பாடா!" என்றார் டீச்சரம்மா.

"உன் கை நல்லாத்தான்க்கா இருக்கு" என்று முணுமுணுத்தான் தம்பி.

"அது உனக்கு எப்பவுமே தெரியும்டா" என்றாள் அக்கா. "எனக்குத்தான் தெரியாமப் பண்ணிட்டே."